கண்மாயில் பாய் விரித்த கப்பல்காரர்

பாய்மரப் படகை எப்படி வாங்குவது, எப்படிப் பராமரிப்பது, என்னென்ன எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குவது என்ற விஷயங்களில் போடிநாயக்கனூர் கப்பல்காரரை மிஞ்ச இந்தியாவில் ஆள் கிடையாது. கடலோரத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். அவர்களிடம் கடல் இருக்கிறது, அதனால் படகைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது. எங்கள் கப்பல்காரரிடம் கடல் கிடையாது. ஆறு என்றால் பாதி வருஷம் மணல். சுற்றிலும் மலை. படகைப் பற்றி உட்கார்ந்து யோசிப்பதற்கு இதைவிடத் தோதான ஊர் அமையாது.

அவருக்கு ஏலக்காய் வியாபாரம். பெற்றோர் வைத்த பெயர் கடை போர்டில் மட்டும் இருந்தது. நான் அப்போது ஒரு வங்கிக் கிளைக்கு மாற்றலாகிப் போடிக்கு வந்து, அவருடைய ஏலக்காய்க் கொட்டகைக்குப் பக்கத்து மாடியில் குடியேறினேன். வீடு பார்க்கப் போன அன்றைக்கு, கல்யாணம் ஆகிவிட்டதா, கறி சமைப்பாயா என்று வழக்கமாக வீட்டுக்காரர்கள் கேட்கிற எதையும் அவர் கேட்கவில்லை. தம்பிக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். முகம் தொங்கிவிட்டது. ஏதோ போனால் போகிறது என்கிற மாதிரி சாவியைக் கையில் கொடுத்தார்.

காரணம் மறுநாள் காலை ஜன்னலைத் திறந்ததும் தெரிந்தது. கொட்டகையில் ஒரு பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், மூட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளையும் நீலமுமாக ஒரு படகு மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு பேர் போகிற சின்னப் படகுதான். ஆனால் ஏலக்காய் வாசனைக்கு நடுவே பார்க்கும்போது பெரிய கப்பல் மாதிரி இருந்தது.

கொச்சிக்குச் சரக்கு கொண்டுபோன இடத்தில்தான் அதை அவர் பார்த்திருக்கிறார். ஏதோ ஒரு படகுக் கிளப்பை மூடிவிட்டு, பழைய படகுகளை வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்களாம். அதுவரை அவர் கடலில் கால் நனைத்ததோடு சரி. எதற்கு வாங்கினீர்கள் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை மட்டும் நேராகப் பதில் சொன்னார். "எஞ்சின் கெடையாது, டீசல் கெடையாது. காத்த வச்சே போகுதுன்னான் தம்பி. நம்மூருல காத்து சும்மாதான கெடக்கு?" வியாபாரிக்கு இலவசமாகக் கிடைக்கிற எதையும் வீணாக்கப் பொறுக்காது.

அந்தப் படகு மூணாறு வழியாக மலை ஏறி, போடிமெட்டு வளைவுகளில் லாரியில் இறங்கி வந்த கதையை ஊரில் இன்னும் சொல்வார்கள். பாய்மரத்தைத் தனியாகக் கழற்றிக் கட்டியிருந்தாலும் அது லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் லாரி திரும்ப, பாய்மரம் எதிர்ப்பக்கம் திரும்ப, பின்னால் வந்த ஜீப்புகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நின்றனவாம். மேலே செக்போஸ்ட்டில் நிறுத்தி என்ன லோடு என்று கேட்டிருக்கிறார்கள். படகு என்றிருக்கிறார். எங்கே போகிறது என்றதற்குப் போடிக்கு என்றிருக்கிறார். செக்போஸ்ட்காரர் எட்டிக் கீழே சமவெளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏண்ணே, அங்க ஏதும் வெள்ளமா?" என்று கவலையோடு கேட்டிருக்கிறார்.

வீட்டில் வரவேற்பு இன்னும் சுருக்கமாக இருந்ததாம். அவர் மனைவியை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். கொட்டகையின் கணக்கு வழக்கு, ஆள் அம்பு எல்லாம் அக்கா கையில்தான். அக்கா படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதில் எத்தனை மூட்டை பிடிக்கும் என்று கேட்டார். மூட்டை பிடிக்காது, இரண்டு பேர் பிடிக்கும் என்றார் கப்பல்காரர். அக்கா உள்ளே போய்விட்டார். அன்றிரவு சாப்பாட்டில் ரசம் மட்டும்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

படகு வந்த பிறகுதான் அவருக்கு ஒரு சங்கடம் புரிந்தது. எங்கள் ஊரில் காற்று ஆடி மாதம் மேற்கே மலைக் கணவாயிலிருந்து கிளம்பும். ஓட்டுக் கூரை நிற்காது, வேட்டி நிற்காது. ஆனால் அந்த மாதம் கிழக்கே உள்ள கண்மாயில் ஆடு மேயும். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பித் ததும்பும். அப்போது ஒரு இலை அசையாது. காற்று இருந்தால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இருந்தால் காற்று இல்லை. இப்படியே வருஷங்கள் ஓடின. வேறு யாராக இருந்தாலும் படகை விற்றுத் தலைமுழுகியிருப்பார்கள். இவர் அந்த வருஷங்களையெல்லாம் படிப்பதற்குக் கிடைத்த அவகாசமாக எடுத்துக்கொண்டார்.

படிப்பு முழுக்க ஃபோனில். யாரோ வெள்ளைக்காரர்கள் பாய் கட்டுகிற வீடியோக்களைச் சத்தமாக வைத்துப் பார்த்து, புரிந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஏலக்காய் பொறுக்குகிற பெண்களும் கூடவே கேட்டுக் கேட்டு, கொட்டகையில் காற்றுக்கு ஓலைத்தட்டி ஆடினால்கூட, "அண்ணே, பாயைத் தளத்துங்க" என்று குரல் கொடுப்பார்கள். அவர் கோபப்படவே மாட்டார். சரியாகச் சொல்கிறாளே என்று சந்தோஷப்படுவார்.

கற்றதை அவர் தனக்கென்று வைத்துக்கொண்டதில்லை. பாயசத்துக்குக் கால் கிலோ ஏலக்காய் வாங்க வந்தவர்கள், பாயைச் சோப்புத்தூள் போட்டுத் துவைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு போவார்கள். படகு வாங்குகிறவன் முதலில் அதை நிறுத்தி வைக்க இடம் பார்த்துவிட்டு வாங்கவேண்டும், வாங்கிவிட்டு இடம் தேடினால் வீட்டில் ரசம் மட்டும்தான் கிடைக்கும் என்பார். பாயை ஈரத்தோடு சுருட்டக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். தினமும் ஒரே மடிப்பில் மடிக்கக் கூடாது, மடிப்பிலேயே கிழியும். கயிறு பார்க்கப் புதிசாக இருக்கும், நம்பக் கூடாது, முழு நீளத்துக்கும் கையால் உருவிப் பார்த்தால்தான் நைந்த இடம் சிக்கும். வெயில்தான் படகுக்கு எமன், தண்ணீர் இல்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒரு பெரியவரிடம் அவர் இதையெல்லாம் சொல்லி முடிக்க, பெரியவர் பத்திரிகை வைக்க வந்ததையே மறந்து எழுந்து போனார்.

எல்லாவற்றுக்கும் மேல், மூடி. படகின் பின்பக்கம் அடியில் ஒரு ஓட்டை உண்டு. உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிப்பதற்கு. தண்ணீரில் இறக்குவதற்கு முன் அதை ஒரு மூடியால் அடைக்க வேண்டும். உலகத்தில் கவிழ்ந்த படகை விட மூடி போட மறந்து முழுகின படகுதான் அதிகம் என்பது அவருடைய கட்சி. நாளாக ஆக அது அவருக்கு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, "தம்பி, மூடி போட்டாச்சா?" என்பார். ஆமாண்ணே என்பேன். பஸ்சுக்காரர், பால்காரர், தபால்காரர் யாரும் தப்ப முடியாது.

தண்ணீரில் இறங்கத் தேவையான சாமான்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டார். மிதவைச் சட்டை, அதில் கட்டிய விசில், கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு கத்தி, தண்ணீர் இறைக்க ஒரு குவளை, தாடைக்குக் கீழ் நாடா வைத்த தொப்பி. மிதவைச் சட்டை உடம்போடு பழக வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டுதான் எடை போடுவார். ஆரஞ்சு நிறத்தில் அவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வெளியூர் வியாபாரிகள் கேஸ் சிலிண்டர் கம்பெனி ஆள் என்று நினைத்ததுண்டு. மாதம் ஒருமுறை பாய்மரத்தை முற்றத்தில் நிமிர்த்திக் கயிறுகளைச் சரிபார்ப்பார். அது என் மாடிக்கு நேராக வரும். ஒருநாள் துணி காயப்போடுகிற கயிறு என்று நினைத்து நான் லுங்கியைக் காயப்போட, அவர் கீழே நின்று சோதனைக்கு இழுக்க, என் லுங்கி தெருவே பார்க்கப் பாய்மர உச்சிக்குப் போய் அன்று முழுக்கப் பறந்தது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ரிசார்ட்காரர் வந்தார். குரங்கணிப் பக்கம் புதிதாக விடுதி கட்டியவர். கப்பல்காரருக்கு ஏதோ தூரத்துப் பங்காளி முறை. விடுதி வாசலில் படகை நிறுத்தி, உள்ளே மண்ணை நிரப்பி, ரோசாச் செடி வைத்து, வருகிறவர்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிற மாதிரி செய்யவேண்டும் என்பது அவர் திட்டம். கப்பல்காரர் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் அக்காவுக்கு அதில் நியாயம் தெரிந்தது. அந்த வருஷம் மலையில் விளைச்சல் அமோகம். ஆவணியில் புதுக்காய் வந்து இறங்கினால் மூட்டை வைக்க இடமில்லை.

அக்கா தீர்ப்பைப் படகு முன்னாலேயே சொன்னார். "ஆடி முடியுறதுக்குள்ள இது தண்ணியில எறங்கி, அக்கரைக்குப் போயிட்டு, கெளம்புன எடத்துக்கே தானா திரும்பி வரணும். வந்துட்டா இங்கயே கெடக்கட்டும். இல்லாட்டி ஜீப்புல ஏத்திவிட்ருவேன். பெறகு என்னையக் கொறை சொல்லக் கூடாது." கப்பல்காரர் சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து மேற்கு மலையை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். சாப்பாட்டில்கூட அவருக்கு மனசில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அந்த ஆடியில் மேற்கு மலையில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஆற்றில் செம்மண் தண்ணீர் பாலம் தொட்டு ஓடி, வாய்க்கால் வழியாகக் கண்மாயில் விழுந்தது. ஆடு மேய்ந்த இடமெல்லாம் அலையடித்தது. மேலே கணவாய்க் காற்றும் குறையவில்லை. தண்ணீரும் காற்றும் ஒரே மாதத்தில் வந்து நின்றதைப் பார்த்து, கப்பல்காரர் கண்மாய்க் கரையில் அழுதுவிட்டார். தூசி என்றார். அந்த மழையில் தூசி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை படகு மாட்டுவண்டியில் கண்மாய்க்குப் போனது. ஊர் பாதி கரையில் நின்றது. ஒரு கஷ்டம் மட்டும் பாக்கி. இந்தப் படகுக்கு இரண்டாவது ஆள் வேண்டும். பாயைப் பிடிக்கிற கயிறு அந்த ஆள் கையில் இருக்கும், காற்று தள்ளுகிற பக்கம் படகு சாயும்போது அந்த ஆள்தான் எதிர்ப்பக்கம் வெளியே சாய்ந்து உட்கார்ந்து சரிக்கட்ட வேண்டும். கப்பல்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜாதகத்தில் எனக்கு ஜலகண்டம் போட்டிருப்பதாகச் சொன்னேன். மற்றவர்களும் ஆளுக்கொரு சோலியைச் சொல்லி நழுவினார்கள். கடைசியில் இரண்டாவது ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றிக் கட்டினார்.

இங்கேதான் அவருடைய மொத்தப் படிப்பையும் ஒரு பழக்கம் கவிழ்த்தது. பாய்க்கயிற்றைக் கட்டவே கூடாது, கையில்தான் பிடித்திருக்க வேண்டும், காற்று ஓங்கி அடித்தால் சட்டென்று விடுவதற்கு. இதை அவரே ஊரில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறார். ஆனால் சுக்கானுக்கு ஒரு கை போய்விட்டது, கயிறு மறு கையை இழுக்கிறது. போடிக்காரர் கையில் இழுக்கிற கயிறு ஒன்று வந்தால் அந்தக் கை தானாக ஒரு காரியம் செய்யும். லோடு முடிச்சு போடும். எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் ஏலக்காய் மூட்டை இறக்கும்போது போடுகிற முடிச்சு அது. எவ்வளவு குலுக்குகிறதோ அவ்வளவு இறுகும். கொட்டகைக்கு வந்தபிறகும் கடப்பாரை கொண்டா என்று கேட்க வைக்கிற முடிச்சு. கப்பல்காரர் இளவட்டமாக இருந்த காலத்தில் அந்த முடிச்சுக்குப் பேர்போனவர்.

படகு அம்சமாகக் கிளம்பியது. கரை முழுக்கக் கைதட்டல். அடுத்த நொடி கணவாய்க் காற்று ஒன்று வந்து பாயில் மோதியது. விடவேண்டிய கயிறு விடவில்லை, இன்னும் இறுகியது. நகரவேண்டிய ஆள் மணல் மூட்டை, அது நகரவில்லை. படகு பக்கவாட்டில் படுத்தது. ஒரு ஆரஞ்சு உருவம் மட்டும் மேலே வந்து விசில் ஊதியது.

ஆனால் பாராட்ட வேண்டியதைப் பாராட்ட வேண்டும். மனிதர் பதறவில்லை. மிதவைச் சட்டை மிதந்தது. கத்தி கைக்கு எட்டியது. மூட்டைக் கயிற்றையும் பாய்க்கயிற்று முடிச்சையும் அறுத்தார். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று விளிம்பைப் பிடித்துச் சாய்ந்தார். வீடியோவில் பார்த்தது பார்த்தபடி படகு எழுந்து நின்றது. கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் பரிசலில் போய்ப் படகையும் அவரையும் கரைக்கு இழுத்துவந்தார். கப்பல்காரர் படகைச் சாய்த்து, பின்பக்கம் மூடியைத் திறந்து, தண்ணீரை வடித்தார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் ரிசார்ட்காரர் முன்னால் வந்தார். அவர் ஏற்கெனவே ஜீப்பைக் கண்மாயின் அக்கரையில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். அதில் மண்வெட்டியும், தொட்டியோடு ரோசாச் செடிகளும் தயாராக இருந்தன. காற்று தள்ளுகிற பக்கம்தானே படகு போகும், எப்படியும் அங்கேதான் ஒதுங்கும், திரும்பி எப்படி வரும் என்பது அவர் கணக்கு. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி, "விட்ருங்க மதினி, அண்ணனுக்கு எப்பவுமே இப்படித்தான். ஒண்ணையும் உருப்படியாச் செஞ்சதில்ல" என்றார்.

கரையில் சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கப்பல்காரரைத் திட்டுவதற்கு அந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை உண்டு என்பது ரிசார்ட்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கா சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். இன்னொரு மிதவைச் சட்டை எங்கே என்று கேட்டார். கப்பல்காரர் நீட்டினார்.

சட்டையின் வாரை மாட்டிக்கொண்டே அக்கா, "மூடி போட்டாச்சா?" என்றார்.

கப்பல்காரர் விறைத்துப்போய் நின்றார். பிறகு ஓடிப்போய்ப் படகின் பின்பக்கம் குனிந்தார். போடவில்லை. இத்தனை வருஷம் ஊரையே கேட்ட கேள்விக்கு, கேட்டவரே இல்லை என்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கரை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. இந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார். மூடியை அழுத்திப் போட்டு, அறுந்த கயிற்றுக்குப் பதிலாக வேறு கயிறு கோத்து, படகைத் தள்ளினார்கள்.

அக்கா கயிற்றைக் கையில் வாங்கினார். அக்காவுக்கு லோடு முடிச்சு போடத் தெரியாது. இத்தனை வருஷம் மூட்டையை அவிழ்க்க மட்டும்தான் சொல்லியிருக்கிறார், கட்டியதில்லை. அதனால் கயிற்றைக் கட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கையில் பிடித்துக்கொண்டார். காற்று ஓங்கியபோது கொஞ்சம் விட்டார், தணிந்தபோது இழுத்தார். படகு சாய்ந்தபோது அவரும் எதிர்ப்பக்கம் சாய்ந்தார். கொட்டகை வாசலில் நின்று லோடுக்காரர்களை மிரட்டுகிற அதே குரலில், "இந்தாங்க, சுக்கானை நேராப் புடிங்க" என்று அவர் சொல்வது கரைக்குக் கேட்டது.

அக்கரைக்குப் போவது சுலபமாக முடிந்தது. காற்றே தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஜீப் டிரைவர் மண்வெட்டியோடு தண்ணீர் ஓரம் வந்து நின்றார். ரிசார்ட்காரர் என் பக்கத்தில் நின்று, இனிமேல் என்ன, இறங்கவேண்டியதுதான் என்றார்.

அவர்கள் இறங்கவில்லை. படகு கரைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியது. நேராக எங்களைப் பார்த்து வரவில்லை, வடகரையைப் பார்த்து ஓடியது. கூட்டம் உச்சுக்கொட்டியது. அங்கே போய் முட்டப்போகிறது என்ற நேரத்தில் பாய் படபடவென்று அடித்து மறுபக்கம் விழுந்தது. அக்கா தவழ்ந்து இடம் மாறினார். படகு இப்போது தென்கரையைப் பார்த்து ஓடியது. பிறகு மறுபடி வடக்கே. ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களுக்குக் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. தரம் பிரிக்கிற பெண்களில் ஒருத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏய், போடிமெட்டுக்கு ஜீப்பு ஏறுற மாதிரில்ல வருது. வளைஞ்சு வளைஞ்சு" என்றாள்.

அவ்வளவுதான், ஊருக்கே விளங்கிவிட்டது. மலைக்கு நேராக ஏற முடியாது, வளைவு போட்டுத்தான் ஏற வேண்டும் என்று போடிக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் கரையே சேர்ந்து, திரும்பு, ஒடி, இன்னும் ஒடி என்று ஜீப்புக்குச் சொல்கிற மாதிரி சொல்லியது. முகத்தில் அறைகிற அந்த ஆடிக் காற்றை எதிர்த்து, மேற்குக் கரையில் கிளம்பிய அதே இடத்தில், மாட்டுவண்டித் தடத்தின் மேலேயே படகு மூக்கை வைத்து நின்றது. நான் செருப்போடு முழங்கால் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். ஜலகண்டம் எல்லாம் மறந்துபோயிருந்தது.

அக்கா இறங்கி முந்தானையைப் பிழிந்தார். ரிசார்ட்காரரைப் பார்த்து, "தம்பி, அந்த ரோசாச் செடிய வீட்டுல எறக்கிட்டுப் போங்க. வாசல்ல வச்சுக்கிறேன்" என்றார். ரிசார்ட்காரர் இறக்கிவைத்துவிட்டுப் போனார். கப்பல்காரர் அப்போதும் படகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வெரசா எறங்குங்க என்று அக்கா அதட்ட, அவர் மெதுவாக, "இன்னொரு நடை போயிட்டு வரலாமா?" என்று கேட்டார். அக்கா ஒரு நிமிஷம் வீட்டுப் பக்கம் பார்த்தார், உலையில் ஒன்றும் வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு ஏறி உட்கார்ந்து, கயிற்றுக்குக் கையை நீட்டினார்.

அந்த ஆவணியில் புதுக்காய் மூட்டைகளை எங்கே வைத்தார்கள் என்று கேட்கிறீர்களா? என் மாடியில். படுக்க எனக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். மாற்றலாகிப் போகும் வரை என் சட்டையெல்லாம் பாயச வாசனைதான். நான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

இப்போது நான் இருக்கிற ஊரில் கடலே இருக்கிறது. படகுகளும் நிறைய. ஒன்றையும் நின்று பார்க்கத் தோன்றுவதில்லை. ஆனால் ஆடி பிறந்து காற்று ஜன்னலைத் தட்ட ஆரம்பித்தால், போடிக்கு ஒரு ஃபோன் போட்டு, "அண்ணே, கண்மாயில தண்ணி கெடக்கா?" என்று கேட்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.